லார்ட்ஸ் அவென்யூவில் சம்பந்தி தெரியவில்லை

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகிற சாலையில், ஒரு பிரபுவும் குடியிருக்காமல், நிழலுக்கு ஒரு மரமும் இல்லாமல், லார்ட்ஸ் அவென்யூ என்று பெயரை மட்டும் மாட்டிக்கொண்டு நிற்கிற எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில், இனிமேல் கேட்டுக்குள் நுழைந்தவர்கள் எல்லாரும் இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்று சங்கம் தீர்மானம் போட்ட மறுநாள் காலையில், நான் வாழைப்பூ நறுக்க உட்கார்ந்தபோது, என் அரிவாள்மனை கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

தொலையவில்லை. இருந்தது. தெரியவில்லை, அவ்வளவுதான். கட்டைவிரலில் ரத்தம் வந்ததை வைத்து அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தேன். கான்வென்டில் எனக்குப் பாடம் எடுத்த சிஸ்டர் இக்னேஷியா முள்கரண்டிக்கும் வெண்ணெய்க் கத்திக்கும் பெயர் சொல்லிக் கொடுத்தாரே தவிர, அரிவாள்மனைக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எதற்கு இங்கிலீஷில் பெயர் தெரியாதோ அது கேட்டுக்கு உள்ளே கண்ணுக்குத் தெரியாது. இதுதான் விஷயம் என்று எனக்குக் காப்பி ஆறுவதற்குள் புரிந்துவிட்டது. மற்றவர்களுக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று.

தீர்மானத்துக்குக் காரணம் சங்கச் செயலாளர் வைரவநாதனின் பேரன். எல்.கே.ஜி. சேர்க்கைக்குக் கூட்டிப்போன இடத்தில், உன் பெயர் என்ன என்று இங்கிலீஷில் கேட்டதற்கு, "எங்கம்மா கார்ல இருக்காங்க" என்று சொல்லிவிட்டு வந்த பிள்ளை அது. பேரனுக்கு இடம் கிடைக்காத துக்கத்தில் தாத்தா எங்கள் எல்லாருக்கும் வாய்ப்பூட்டு போட்டார். தமிழ் பேசி அகப்பட்டவர்களின் பெயரைச் சாயங்காலம் மைக்கில், கோயிலில் உபயதாரர் பெயர் வாசிக்கிற அதே ராகத்தில் வாசிப்பார். அதற்குப் பயந்து, வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு காதோடு காதாகத் தமிழ் பேசினோமே தவிர, மறைந்த எதுவும் அப்படிக் கிசுகிசுத்த தமிழால் திரும்பி வரவில்லை. வேலைக்கு வருகிற பெண்களுக்கும் வாட்ச்மேனுக்கும் எதுவும் மறையவும் இல்லை. அது ஏன் என்று யாரும் அவர்களைக் கேட்கவும் இல்லை.

வேறு ஊராக இருந்தால் பத்திரிகைக்காரன் வந்திருப்பான், பரிகாரம் செய்திருப்பார்கள். எங்கள் ஆட்கள் இதைத் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் மாதிரி எடுத்துக்கொண்டார்கள். "இங்கிலீஷில் பேரே இல்லாத பொருள் நமக்கு அவசியமா என்று ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டும்" என்று வைரவநாதன் லிஃப்டில் அறிவிப்பு ஒட்டினார். அவர் வீட்டில் மத்து, புட்டுக்குழல், முறுக்கு அச்சு மூன்றும் அவசியமாக இருந்ததால் அவர் மனைவி செண்பகம் என் வீட்டு மணியை அழுத்தினாள்.

"மேடம், மேடம், ஒரே ஒரு டவுட்டு. சல்லடைக்கு என்ன?"

"சிவ்."

"சீவ்."

"சீவ் இல்லைம்மா, சிவ். இழுக்காதே."

"அதைத்தான் மேடம் நானும் சொல்றேன். சீவ்."

போனவள் கையில் சல்லடையோடு திரும்பி வந்தாள். "மேடம், சல்லடை வந்திருச்சு. ஓட்டையைத்தான் காணோம்."

அன்றிலிருந்து என் வாசலில் வரிசை. முறத்துக்கு என்ன மேடம், சொளகும் முறமும் ஒன்றா மேடம், ஆட்டுக்கல் என்பதை ஆடு தனியாகக் கல் தனியாகச் சொல்ல வேண்டுமா மேடம். சரியாகச் சொல்லிக் கொடுத்தால் தப்பாக உச்சரிப்பார்கள். தப்பாக உச்சரித்தால் பொருள் கோணலாக வரும். கோணலாக வந்தால் என்னைக் குறை சொல்வார்கள். நானும் சும்மா விடவில்லை. இந்த நாக்கை வைத்துக்கொண்டு இங்கிலீஷ் தேவையா என்று பாதிப் பேரை வாசலிலேயே கேட்டேன். வைரவநாதனையே ஒருமுறை, வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது, சத்தம் வரவில்லை என்று சொல்லி மூன்று தடவை திருப்பிச் சொல்ல வைத்தேன். ரசத்தை என் யோசனையைக் கேட்காமல் பெப்பர் வாட்டர் என்று மொழிபெயர்த்துக் கூப்பிட்ட வீடுகளில் மிளகும் தண்ணீரும் மட்டுமே வந்தன, அதை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு நன்றாயிருக்கிறது என்றார்கள். அரிசி நூடுல்ஸ் என்று கூப்பிட்ட வீட்டில் இடியாப்பம் மஞ்சள் நிறத்தில், பாக்கெட் மசாலா வாசனையோடு வந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள், இதற்கு முன்னால் செய்தது வேண்டாம், இதுவே போதும் என்று சொல்லிவிட்டன.

சாயங்காலமானால் கேட்டுக்கு வெளியே, சாக்கடை ஓரமாக, ஆளுக்கொரு மத்தையும் குழவியையும் கொண்டுபோய் வைத்து, ஒரு தடவை கண்ணாரப் பார்த்துவிட்டு உள்ளே வருவார்கள். வெளியே எல்லாம் பழையபடி தெரியும். பஸ்ஸில் போகிறவர்கள் ஏதோ பாத்திரக் கண்காட்சி என்று நினைத்து எட்டிப் பார்த்தார்கள்.

நல்லதும் நடக்காமல் இல்லை. தீட்டு என்பதற்கு யாருக்கும் வார்த்தை தெரியாததால் அது ஒரே நாளில் ஒழிந்தது. மாமியார்கள் பூஜையறை வாசலில் நின்று எதையோ தேடிப் பார்த்துவிட்டு, என்ன தேடினோம் என்று தெரியாமல் திரும்பிப் போனார்கள். எனக்கு அதற்கு ஒரு வார்த்தை தெரியும். எந்தப் பெண்ணும் என்னிடம் வந்து கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சீர் வரிசைத் தட்டுகளும் மறைந்தன. மாப்பிள்ளை வீட்டார் வெறும் கைகளைப் பார்த்து மூச்சுத் திணறினார்கள். வரதட்சணைக்கு மட்டும் இங்கிலீஷில் நல்ல வார்த்தையாக ஒன்று இருந்து தொலைத்ததால் அது அசையாமல் இருந்த இடத்திலேயே இருந்தது.

பொருள் முடிந்து ஆட்களிடம் வந்தது. மச்சானையோ கொழுந்தனையோ சகலையையோ, யாரைக் கூப்பிடுவதானாலும் இங்கிலீஷில் ஒரே வார்த்தை என்பதால், ஒருவரைக் கூப்பிட்டால் மூன்று பேரும் ஒரே நாற்காலியில் வந்து விழுந்தார்கள். சி பிளாக்கில் ஒரே வீட்டில் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட தாமரைச்செல்வியும் ஷர்மிளாவும் ஒருவருக்கொருவர் ஓரகத்தி. ஓரகத்திக்கு வார்த்தை இல்லாததால் ஒருத்தி கண்ணுக்கு இன்னொருத்தி தெரியவும் இல்லை, குரல் கேட்கவும் இல்லை. அந்த வீட்டில் பத்து வருஷத்தில் முதல்தடவையாக நிம்மதி வந்தது. ஆனால் சாம்பாரில் இரண்டு பேரும் தனித்தனியே உப்புப் போட்டதில் ஆண்களுக்கு ரத்தக் கொதிப்பு ஏறியது.

செண்பகம்தான் வழி சொன்னாள். "கோ-சிஸ்டர்னு கூப்பிடு தாமரை."

"அது இங்கிலீஷே கிடையாது" என்றேன் நான். "எந்த அகராதியிலும் கிடையாது. எந்த வெள்ளைக்காரனும் சொன்னது கிடையாது. சிஸ்டர் இக்னேஷியா கேட்டால் மயங்கி விழுவார்."

தாமரைச்செல்வி கூப்பிட்டாள். சமையலறைப் புகைக்கு நடுவிலிருந்து ஷர்மிளா, கையில் உப்பு ஜாடியோடு, முழுசாக வந்து நின்றாள். வந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தையை இங்கே எழுத முடியாது.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. இல்லாத வார்த்தைக்கு ஒரு மனுஷி வந்து நின்றாள் என்பதற்காக அது வார்த்தையாகிவிடாது. நான் அப்படி வளர்க்கப்பட்டவள் இல்லை.

இந்தச் சமயத்தில்தான் என் மருமகள் இலக்கியாவுக்கு ஏழாம் மாதம் நடந்தது. வீட்டிலிருந்தபடியே ஒரு பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்க்கிற பெண். பகலெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு கடல்தாண்டி இருக்கிறவர்களோடு கணினியில் பேசுவாள், வெளியே வந்தால் என்னோடு எண்ணி நாலு வார்த்தை. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. எனக்கு இல்லை. அம்மா வீடு முசிறி. பிறக்கப்போகிற குழந்தையின் காதில் முதலில் விழுகிற சத்தம் என்னுடைய இங்கிலீஷாக இருக்க வேண்டும் என்று நான் முடிவு செய்திருந்தேன். முசிறியில் பிறந்தால் ஆடு கத்துகிற சத்தம்தான் விழும்.

வழக்கம் என்னவென்றால், வளைகாப்புப் போட்டு முடிந்ததும் பெண்ணின் அம்மா வெற்றிலை பாக்குத் தட்டோடு மாப்பிள்ளையின் அம்மா முன்னால் நின்று, பெண்ணை அனுப்பி வையுங்கள் என்று நேரில் கேட்க வேண்டும். மாப்பிள்ளையின் அம்மா தன் வாயால் சரி சொல்ல வேண்டும். சொல்லாமல் வாசற்படி தாண்டக்கூடாது. அதைக் கேட்பதற்காகவே ஒரு மாசம் முன்னாலேயே முசிறியிலிருந்து என் சம்பந்தியம்மா பையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

நான்தான் கேட்டுக்கு வெளியே போய் வரவேற்றேன். ஆட்டோவிலிருந்து அரக்குப் பட்டும் எட்டுக்கல் தோடுமாக இறங்கி, "சௌக்கியமா சம்பந்தி, இளைச்சுட்டீங்களே" என்று, இளைக்காத என்னைப் பார்த்துச் சொன்னாள். இரண்டு பேரும் சேர்ந்து உள்ளே நடந்தோம். கேட்டைத் தாண்டியதும் முதலில் அவள் செருப்பு போயிற்று, பிறகு கொசுவம், பிறகு இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்து, பேசிக்கொண்டே வந்த வாய் பாதி வார்த்தையில் போயிற்று. கடைசியாகத் தோடு இரண்டும் காற்றில் கொஞ்ச தூரம் ஆடிக்கொண்டே வந்து அணைந்தன. சம்பந்திக்கு இங்கிலீஷில் வார்த்தை இல்லை. வெள்ளைக்காரன் பெண்ணையும் பிள்ளையையும் கட்டிவைத்துவிட்டு, பெற்றவர்கள் ஒருவருக்கொருவர் யார் என்று யோசிக்காமலே கப்பலேறிப் போய்விட்டான்.

இலக்கியாவுக்கு அவள் அம்மா, அதனால் தெரிந்தாள். என் மகன் பிரசன்னாவுக்கு மாமியார், அதற்கு இங்கிலீஷில் ஜம்மென்று வார்த்தை இருக்கிறது, அதனால் தெரிந்தாள். அக்கம்பக்கத்துக்கு ஆன்ட்டி. இங்கிலீஷே தெரியாத அவளுக்கோ எல்லாமே தெரிந்தது, நானும் தெரிந்தேன், என் அரிவாள்மனையும் தெரிந்தது. வாழைப்பூ தானாகப் பொடிப்பொடியாக நறுங்கி விழுவதை நான் தினமும் பார்த்தேன். மறைந்தது எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மட்டும்தான். அவருக்கு நான் வீட்டில் இருப்பதே பாதி நேரம் தெரியாது, அதனால் அவர் கணக்கில் ஒன்றும் குறையவில்லை.

ஒருநாள் சோபாவில் உட்கார்ந்தேன், சோபா நெளிந்து என் முதுகில் கை வைத்துத் தள்ளியது. காப்பி தானாக வந்து என் முன்னால் நின்றது. சர்க்கரை தூக்கல் என்று காற்றைப் பார்த்துச் சொன்னேன். மறுநாள் சர்க்கரையே இல்லாமல் வந்தது. சண்டைக்காரி என்று அதிலேயே தெரிந்துகொண்டேன்.

"அம்மா, அத்தை உன்கிட்ட ஏதோ கேக்கணுமாம்" என்பான் பிரசன்னா கிசுகிசுவென்று.

"எந்த அத்தை?"

"இலக்கியாவோட அம்மா."

"எங்கேப்பா இருக்காங்க?"

"உன் மூக்குக்கு முன்னாடி நிக்கிறாங்கம்மா."

"தெரியலையேடா கண்ணா. கேட்கவும் இல்லையே."

"நான் வேணா சொல்லட்டுமா, அவங்க என்ன..."

"வேண்டாம். தூது விட்டுக் கேட்பது மரியாதை இல்லை. தூதனிடம் சரி சொல்கிற வழக்கமும் இல்லை." வழக்கத்தை மதிக்கிறவள் நான்.

கேட்டுக்கு வெளியே போனால் தெரிந்துவிடுவாள், கேட்டும்விடுவாள். அதனால் எனக்கு மூட்டு வலி வந்தது. காய்கறிக்காரனை உள்ளே வரச் சொன்னேன், கோயிலுக்கு வீட்டிலிருந்தே கும்பிடு போட்டேன். "கோ-மதர்னு ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன் மேடம், தெரிஞ்சிரும்" என்று செண்பகம் லிஃப்டில் வைத்து மெதுவாகச் சொன்னபோது, இல்லாத வார்த்தையைச் சொல்லி என் நாக்குக்குப் பழக்கமில்லை என்று பதில் சொன்னேன். லிஃப்டில் இருந்த எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். இலக்கியாவும் இருந்தாள். வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, மாடி எண்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வளைகாப்பை சங்கத்தின் ஹாலில் வைத்தோம். கண்ணாடி வளையல், சந்தனம், மஞ்சள் எல்லாவற்றுக்கும் வார்த்தை இருந்ததால் அவை தெரிந்தன. வேப்பிலைக் காப்பு தெரியாததால் இலக்கியாவின் மணிக்கட்டைத் தடவிப் பார்த்துத் திருப்திப்பட்டார்கள். நலுங்குப் பாட்டு இங்கிலீஷில் இல்லாததால் பெண்கள் வாயை மூடிக்கொண்டு மெட்டை மட்டும் முனகினார்கள், ஹால் முழுக்கத் தேனீக் கூட்டம் புகுந்த மாதிரி இருந்தது. கலவை சாதங்களில், புளியோதரையை இங்கிலீஷில் கூப்பிட யாருக்கும் தோன்றாததால் அது மட்டும் தெரியவில்லை. இலையில் காலியாக இருந்த இடத்தில் விரலை விட்டு எல்லாரும் அதைத்தான் முதலில் காலி செய்தார்கள்.

பிறகு பெண்ணைக் கேட்கிற கட்டம் வந்தது. இலக்கியா மணையிலிருந்து எழுந்து நின்றாள். நான் அவள் எதிரில் நின்றேன். கூட்டத்தின் கண்களெல்லாம் எனக்கு ஒரு முழம் முன்னால், வெறும் காற்றில் குத்திட்டு நின்றன. அங்கே என் சம்பந்தி தட்டோடு நிற்கிறாள் என்று தெரிந்தது. எனக்குத் தெரிந்தது மின்விசிறியும், அதற்கப்பால் வைரவநாதனும், அவர் கையிலிருந்த மைக்கும்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே பார்த்தால் நல்ல நேரம் முடிந்துவிடும், பெண் இங்கேயே இருந்துவிடுவாள், ஒருத்தரும் என்னைக் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் நான் மறுக்கவே இல்லை.

அப்போது எல்லாருடைய கண்களும் கீழே இறங்க ஆரம்பித்தன.

முதலில் என் நெஞ்சு உயரத்துக்கு. பிறகு இடுப்பு. தாமரைச்செல்வி வாயில் கையை வைத்துக்கொண்டாள். பிரசன்னாவின் முகம் வெளுத்தது. கண்கள் இன்னும் இறங்கி, என் முழங்காலைத் தாண்டி, என் பாதத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. காலில் விழுகிறாள். என்னைவிட மூத்தவளோ இளையவளோ, பெண்ணைக் கொடுத்தவள், நாலு பிளாக் ஆட்களும் பார்த்துக்கொண்டிருக்க, பெண்ணை அனுப்பச் சொல்லி என் காலில் விழுகிறாள், நான் மகாராணி மாதிரி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். இந்த ஊர் இதை என் பேரன் கல்யாணம் வரைக்கும் சொல்லிச் சொல்லிக் காட்டும். காலைப் பின்னால் இழுத்தேன், இழுத்த இடத்தில் சுவர். வேறு வழியில்லாமல், சிஸ்டர் இக்னேஷியா சமாதியில் புரண்டு படுக்கும்படி, ஹால் அதிர, "கோ-மதர்!" என்று கத்தினேன்.

சம்பந்தி வந்துவிட்டாள். பாதி குனிந்த நிலையில், ஒரு கையில் தட்டு, இன்னொரு கை என் சேலைக் கரைக்குக் கீழே எதையோ துழாவிக்கொண்டிருக்க, நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஏன் சம்பந்தி இப்படிக் கத்துறீங்க? பாக்கு உருண்டுருச்சு. உங்க காலடியில கிடக்கு. கொஞ்சம் நகருங்க."

நகர்ந்தேன். பாக்கை எடுத்து, ஊதி, தட்டில் வைத்தாள். இடுப்பை ஒரு தடவை பிடித்துவிட்டுக்கொண்டாள்.

"கண்ணு தெரிஞ்சுருச்சா? நல்லதாப் போச்சு. ஒரு மாசமா உங்க பின்னாடியே நடந்து என் கால்தான் தேஞ்சுது. பொண்ணைக் கூட்டிட்டுப் போறேன், சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. வண்டி வெளியில நிக்குது. ராகு காலம் வந்துரும்."

தமிழில்தான் சொன்னாள். விருந்தாளி என்று வைரவநாதன் காதைப் பொத்திக்கொண்டார். தட்டு என் நெஞ்சில் இடித்தது.

இனி மின்விசிறியைப் பார்க்க முடியாது. மறுக்கத்தான் வேண்டும். தமிழில் மறுத்தால், வெற்றிலையோடு நிற்கிற பெண்ணின் அம்மாவை முகத்துக்கு நேரே மறுத்தவள் என்ற பெயரும் வரும், தமிழ் பேசியதற்காக மைக்கில் என் பெயரும் வாசிக்கப்படும். ஆகவே நான் என் வாழ்நாளிலேயே மிகச் சிறந்த இங்கிலீஷைப் பேசினேன். இவ்வேண்டுகோளுக்குப் பின்னாலிருக்கும் அன்பை மனமார உணர்ந்தபோதிலும், தற்போதைய சூழ்நிலையைக் கருத்தில் கொண்டு, அதற்கு இசைவளிக்க இயலாத நிலையில் இருப்பதை மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன் என்று, ஒரு மெய்யெழுத்து சிந்தாமல், ஓரிடத்தில்கூட மூச்சு வாங்காமல், நிறுத்தி, தெளிவாகச் சொன்னேன். அந்த ஹாலில் அதைப் புரிந்துகொள்ளாதவர் ஒருவர்கூட இல்லை. இத்தனை நாள் நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேனே. என் சம்பந்தியைத் தவிர.

"என்ன சொல்றாங்க?" என்று அவள் கூட்டத்தைப் பார்த்தாள்.

செண்பகம் எழுந்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டு, என் பக்கத்தில் வந்து நின்று, என்னைப் பார்க்காமல், கணீரென்று சொன்னாள்.

"தாராளமாக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்றாங்க சம்பந்தியம்மா. குழந்தைக்கு மூணு மாசம் ஆகுறவரைக்கும் அங்கேயே வச்சுக்கச் சொல்றாங்க."

"அஞ்சு மாசம்னு சொன்ன மாதிரி இருந்துச்சே" என்றாள் பின்வரிசையிலிருந்து தாமரைச்செல்வி.

"ஆமா, அஞ்சு. நான்தான் தப்பா மொழிபெயர்த்துட்டேன். எனக்கு எங்கே மேடம் அளவுக்கு வரும்?"

நான் இப்படிச் சொல்லவே இல்லை, இது அபாண்டம் என்று இங்கிலீஷில் சொன்னேன்.

"பலகாரம் வேற கட்டிக் குடுக்குறாங்களாம்" என்றாள் செண்பகம்.

இது மோசடி என்றேன்.

"தானே கார் வரைக்கும் வந்து ஏத்தி விடுறாங்களாம்."

முதலில் ஷர்மிளா கைதட்டினாள். பிறகு ஹாலே தட்டியது. சல்லடைக்காரிகள், முறத்துக்காரிகள், இடியாப்பக்காரிகள், நான் ஒவ்வொரு வார்த்தைக்கும் வாயைத் திற, நாக்கை மடி, இழுக்காதே என்று சொல்லிக் கொடுத்து அனுப்பிய எல்லாரும் எழுந்து நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தட்டினார்கள். மேடம் மனமுவந்து சம்மதித்துவிட்டார் என்று வைரவநாதன் மைக்கில் அறிவித்தார். இந்த ஒரு தடவை அவர் இங்கிலீஷில் தப்பே இல்லை.

சம்பந்தி வெற்றிலைத் தட்டை என் கையில் திணித்து, "உங்க மனசு யாருக்கு வரும் சம்பந்தி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை எடுக்கப் போனாள். பிரசன்னா பெட்டியைத் தூக்கிக்கொண்டு, என் பக்கம் பார்க்காமல் நழுவினான்.

இலக்கியா என் காலைத் தொட்டுக் கும்பிடக் குனிய முடியாமல், வளையல் குலுங்க என் தோளைப் பிடித்துக்கொண்டாள். காதருகே வந்து, கடல்தாண்டிப் பேசுகிற அந்த இங்கிலீஷில், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "ரொம்பத் தெளிவான பதில் அத்தை. நன்றி."

உச்சரிப்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.